வௌவாலும் வைரஸும்: கண்டறிதலும் இனம் பிரித்தலும்

வ. புதுப்பட்டியின் வயல்வரப்பில் நின்று மேற்கே நோக்குவோர்க்குப் பிளவக்கல் அணைக்கு அப்பால் மலை மேல் மலையாக அடுக்கி நிற்பது தெரியும். அம்மலைத் தொடரின் வடமேற்குப் பகுதியே மேகமலை. 1948-ஆம் ஆண்டில், ஆங்கஸ் ஹட்டன் என்னும் தோட்டத்துறையினர், இயற்கை ஆராய்ச்சியில் ஆர்வம் மிக்கவர், அங்கே ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அனுப்பி வைத்தார். அங்கிருந்தோர் அதனை நாடெங்கும் காணப்படும் சாதாரணக் குறுமூக்கு வௌவால் என்று கருதி, அப்பெயரையே எழுதிப் பெட்டிக்குள் வைத்துவிட்டனர். இருபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே கிடந்தது. பின்னர்த் தாய்லாந்து நாட்டு அறிஞரான கிட்டி தொங்லொங்யா அதனை எடுத்துப் பார்த்தார். அதற்கு வால் இல்லை. ஒவ்வொரு தாடையிலும் முன்வெட்டுப் பல் ஒரே ஓர் இணைதான் இருந்தது. குறுமூக்கு வௌவாலுக்கோ இரண்டு இணைகள் உண்டு. ஆகவே இது முற்றிலும் வேறான ஓர் இனம் மட்டுமன்று, வேறான ஒரு பேரினமே என்று தெளிந்து, 1972-இல் பறவை அறிஞர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். 1993-இல் மீண்டும் அம்மலைகளில் உயிருடன் காணப்படும் வரை, உலகம் அறிந்த அவ்வினத்தின் சான்று அந்த ஒரே உடலாகவே இருந்தது. 2021-இல் அமைக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் எல்லைக்குள் இன்று அம்மலை அடங்கியுள்ளது.

கையில் எடுத்துப் பார்க்கத்தக்க, பல்லும் நகமும் சிறகும் உடைய ஒரு விலங்கிற்கே சரியான பெயர் கிடைக்க 24 ஆண்டுகள் ஆயின. அவ்விலங்கின் எச்சிலிலும் சிறுநீரிலும் இருக்கும், கண்ணுக்கு ஒருபோதும் புலப்படாத ஒரு பொருளைக் கண்டறிந்து, அதன் குலம் கோத்திரத்தை வகுத்துரைப்பது எத்துணை அரிய செயலாகும்! இம்மாதப் பாடம் அச்செயலைப் பற்றியது.

இப்பொருளை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 2018-ஆம் ஆண்டு மே மாதத்தில் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் நிப்பா நோய் தோன்றியது முதல், அச்செய்தி பத்திரிகையில் வரும் போதெல்லாம் நம் உறுப்பினர்கள் இரண்டு வினாக்களைத் தவறாமல் எழுப்பி வருகின்றனர். தோப்போரத்து ஆலமரத்தில் தொங்கும் வௌவால்களை விரட்டிவிட வேண்டுமா என்பது ஒன்று. மாங்காயையும் பதநீரையும் யாரேனும் வாங்குவார்களா என்பது மற்றொன்று. இரண்டாம் வினா வீண் அச்சத்தால் எழுந்ததன்று. அவ்வாண்டில் வளைகுடா நாடுகள் சில, கேரளத்துப் பழங்களையும் காய்கறிகளையும் சில காலம் தம் நாட்டிற்குள் வரவிடாமல் தடுத்துவிட்டன. நோய் ஒரு சில ஊர்களிலேயே இருந்தது. நட்டமோ மாநிலம் முழுவதிலுமிருந்த விவசாயிகளைத் தாக்கியது. எனவே இவ்வினாக்களுக்கு விடை கூறுமுன், இவ்வைரஸ்களைப் பற்றி அறிஞர்கள் எவ்வாறு அறிந்தனர் என்பதை நாம் தெரிந்துகொள்ளுதல் வேண்டும்.

வௌவால்கள் யாவும் ஒன்றல்ல. உலகில் 1,400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. இந்தியாவில் மட்டும் ஏறத்தாழ 130. நம் ஊர்களில் காண்பவற்றை எளிதில் இரண்டாகப் பிரிக்கலாம். கோயில் மண்டபத்திலும் பாழடைந்த கிணற்றிலும் குகையிலும் அடைந்து, இருளில் தன் குரலின் எதிரொலியைக் கொண்டே வழி கண்டு, பூச்சிகளைப் பிடித்துத் தின்பவை ஒரு வகை. மதுரைக்கு அருகேயுள்ள குன்றின் குகையொன்றில் வாழும் இவ்வகை வௌவால்களின் நாள்முறை ஒழுங்கைப் பற்றி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சந்திரசேகரன், மாரிமுத்து முதலியோர் செய்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. ஆலிலும் மருதிலும் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்கி, அந்தியில் பழம் தேடிப் புறப்படுபவை மற்றொரு வகை. இவற்றுள் பெரியது, சிறகு விரித்தால் நாலடி அகலம் வரை இருக்கும் பெருவௌவால். ஒரே இரவில் பல மைல் தொலைவு சென்று மீளும் ஆற்றல் அதற்கு உண்டு. மாநில எல்லையோ மலையோ அதற்குத் தடையில்லை. நிப்பா வைரஸின் இயற்கை இருப்பிடம் இப்பெருவௌவாலே. வியப்பு யாதெனில், மனிதரை மாய்க்கும் அவ்வைரஸ் அதன் உடலில் இருந்தும் அதற்கு யாதொரு நோயும் வருவதில்லை.

இனி வைரஸ் என்பது யாது? அது விதையைப் போன்றதென்பர் சிலர். அவ்வுவமை முற்றிலும் பொருந்தாது. ஏனெனில் விதை மண்ணும் நீரும் கிடைத்தால் தானே முளைக்கும், வைரஸோ தானே ஒன்றும் செய்யமாட்டாது. நெசவாளர்க்கு வேறோர் உவமை எளிதில் விளங்கும். ஜக்கார்டு தறியின் மேலே கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகளை நினைத்துக்கொள்வோம். அட்டைக்குப் பாவும் இல்லை, ஊடையும் இல்லை, நாடாவும் இல்லை. எந்தப் பூ எங்கே விழவேண்டும் என்னும் கட்டளை மட்டுமே அதில் உண்டு. அயலான் ஒருவன் இரவில் வந்து நம் தறியில் தன் அட்டைகளை மாட்டிவிட்டுச் சென்றால், விடிந்ததும் நம் நூலைக் கொண்டு, நம் உழைப்பைக் கொண்டு, தறி அவனுடைய பூவையே நெய்யும். அதிலும் கொடுமை, அது நெய்வது சேலையன்று, மேலும் மேலும் அதே அட்டைகளையே. வைரஸ் நம் உடலின் உயிரணுவிற்குள் புகுந்து செய்வது இதுவேயாகும். அவ்வட்டைக் கோவையை மரபிழை என்று வழங்குவோம். நான்கே நான்கு எழுத்துக்களால் அது எழுதப்பட்டுள்ளது. அதைச் சுற்றிப் புரத உறையும், நிப்பாவைப் போன்றவற்றிற்கு அதற்கும் மேலே ஒரு கொழுப்புப் போர்வையும் இருக்கும். இக்கொழுப்புப் போர்வையைப் பற்றி இறுதியில் மீண்டும் பேசுவோம்.

நிப்பா கண்டறியப்பட்ட வரலாறு நம்மவர் பலர் சென்று குடியேறிய மலேயா நாட்டில் நிகழ்ந்தது. 1998-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஈப்போ நகரின் சுற்றுப்புறத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோர்க்குக் கடுங்காய்ச்சலும் மூளை அழற்சியும் கண்டன. அங்குள்ள அதிகாரிகள் இதனை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொண்டனர். அவ்வாறு எண்ணியதில் நியாயமும் இருந்தது: அந்நோயும் மூளையையே தாக்கும், பன்றியிடத்தே பெருகும், கொசுவால் பரவும். ஆகவே கொசு மருந்து அடித்தனர், தடுப்பூசியும் போட்டனர். நோய் நிற்கவில்லை. ஜப்பானியக் காய்ச்சல் பெரும்பாலும் சிறுவரைத் தாக்குவது. இங்கே வீழ்ந்தவர்கள் திடகாத்திரமான ஆடவர்கள். கொசு யாவரையும் கடிக்கும். இங்கோ பன்றியைத் தொட்டு வேலை செய்தோரே நோயுற்றனர். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் தப்பவில்லை. பன்றிகளும் இருமி இருமி மாண்டன. இத்தனை முரண்பாடுகள் கண்முன் கிடந்தும், முதலில் சூட்டிய பெயரை விட்டுக்கொடுக்க மனம் எளிதில் வரவில்லை. மேகமலை வௌவாலின் பெட்டிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்தது. வேறுபாடு, இங்கே உயிர்கள் போய்க்கொண்டிருந்தன.

1999 மார்ச் மாதத் தொடக்கத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கா பிங் சுவா என்னும் மருத்துவ அறிஞர், நோயாளி ஒருவரின் தண்டுவட நீரை எடுத்து, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குரங்குச் சிறுநீரகத்து உயிரணுக்களின் மேல் இட்டுப் பார்த்தார். சில நாட்களில் அவ்வுயிரணுக்கள் ஒன்றோடொன்று கலந்து, பல கருக்கள் கொண்ட பெரிய பெரிய திட்டுகளாயின. ஜப்பானியக் காய்ச்சலின் வைரஸ் இவ்வாறு செய்வதில்லை. சுவா அம்மாதிரியைத் தம் கையோடு எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்றார். அங்கே அதனை மின்னணு நுண்நோக்கியில் கண்டும், ஊநீரால் சோதித்தும், மரபிழையைப் படித்தும், உலகம் அதுவரை அறியாத ஒரு வைரஸ் என்று துணிந்தனர். நோயாளியின் ஊராகிய சுங்கை நிப்பா என்பதன் பெயரே வைரஸுக்கும் வந்தது. அதற்குள் மலேசியாவில் 265 பேர் நோயுற்று 105 பேர் மாண்டிருந்தனர். சிங்கப்பூரில் பன்றி அறுப்புக்கூடத்தில் வேலை செய்தோர் 11 பேருக்கும் நோய் கண்டு, ஒருவர் இறந்தார். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. பல குடும்பங்கள் தொழிலையே இழந்தன.

பன்றிக்கு இது எங்கிருந்து வந்தது? ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1994-இல், ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஹெண்ட்ரா என்னும் பகுதியில் பந்தயக் குதிரைகளும் அவற்றைப் பழக்கியவரும் இறந்தபோது கண்டறியப்பட்ட வைரஸ் ஒன்று, இந்த நிப்பாவிற்கு உடன்பிறப்பைப் போல் இருந்தது. அதன் இருப்பிடம் பெருவௌவால் என்பது முன்னரே புலனாகியிருந்தது. உறவு தெரிந்தமையால் தேட வேண்டிய இடமும் தெரிந்தது. இனம் பிரித்தல் வெறும் ஏட்டுக் கல்வியன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சுவாவும் அவர்தம் குழுவினரும் தியோமன் தீவிற்குச் சென்று, வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் விடியுமுன் பிளாஸ்டிக் விரிப்புகளை விரித்து வைத்தனர். வேட்டை முடிந்து மரத்திற்குத் திரும்பும் வௌவால்கள் பெய்த சிறுநீர்த் துளிகளை அவ்விரிப்பிலிருந்து சேகரித்தனர். அவை கடித்துப் போட்ட பழங்களையும் துடைத்தெடுத்தனர். சிறுநீரிலிருந்து இரு முறையும், கடித்த பழத்திலிருந்து ஒரு முறையும் நிப்பா வைரஸ் கிடைத்தது. 2002-இல் இம்முடிவு வெளியாயிற்று. ஒரு வௌவாலையும் கொல்லாமல், ஒரு விரிப்பைக் கொண்டே இதைக் கண்டது நம்மைக் கவர்கிறது. நோய் தொடங்கிய பண்ணையில் பன்றிப் பட்டிகளை அடுத்து மாமரங்கள் நடப்பட்டிருந்தன என்பதையும் மாந்தோப்புடைய நம் உறுப்பினர்கள் கவனித்தல் வேண்டும். வௌவால் கடித்த மாம்பழம் பட்டிக்குள் விழுந்தது. பன்றி அதைத் தின்றது.

நம் நாட்டில் இவ்வகை ஆராய்ச்சிக்குத் தலைமையிடம் புனேயிலுள்ள தேசிய வைரஸ் ஆராய்ச்சி நிலையம். 1952-இல் ராக்பெல்லர் அறக்கட்டளையின் துணையோடு வைரஸ் ஆராய்ச்சி மையம் என்னும் பெயரில் தொடங்கி, 1978-இல் இப்பெயர் பெற்றது. 1957-இல் மைசூர்ச் சீமையின் கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிந்ததைப் பின்தொடர்ந்து சென்று, உண்ணியால் பரவும் புதிய வைரஸ் ஒன்றைக் கண்டவர்களும் இந்நிலையத்தாரே. மிகக் கொடிய வைரஸ்களைக் கையாளுவதற்குரிய நான்காம் நிலைப் பாதுகாப்பு ஆய்வகம் அங்கே 2012-இல் திறக்கப்பட்டது.

அவர்கள் கையாளும் முறையைச் சற்று விரிவாகக் காண்போம். வலை கட்டி வௌவாலைப் பிடித்து, தொண்டையிலும் குதத்திலும் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கின்றனர். சிறிது இரத்தமும் எடுப்பர். துடைத்தெடுத்ததில் வைரஸ் இருப்பினும், அது வைக்கோற்போரில் ஊசி போன்றது. ஆகவே முதலில் அதைப் பெருக்க வேண்டும். 1983-இல் அமெரிக்கரான கேரி மல்லிஸ் கண்ட பி.சி.ஆர். என்னும் முறையில், மரபிழையின் ஒரு துண்டு ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிக்கின்றது. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்று முடிவில் ஒரே துண்டு 107 கோடிக்கு மேல் ஆகிவிடும். இவ்வாறு இரட்டிப்பதற்கு, தேடும் துண்டின் இரு முனைகளோடும் ஒட்டிக்கொள்ளும் சிறு துணுக்குகள் தேவை. இத்துணுக்குகளைத் தேடுதுணுக்கு என்று கொள்வோம்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. தெரிந்த வைரஸைத் தேடுவதற்குத் தெரிந்த எழுத்துக்களைக் கொண்டு தேடுதுணுக்கு செய்யலாம். இதுவரை யாரும் காணாத வைரஸைத் தேடுவது எவ்வாறு? ஊர்தோறும் சேலையின் உடலும் முந்தியும் மாறினும், கரையைக் கோக்கும் முறை ஒரு மரபினர்க்குள் பெரிதும் மாறுவதில்லை. அக்கோப்பைப் பார்த்தே இன்ன மரபின் கை என்று முதிர்ந்த நெசவாளர் கூறிவிடுவார். வைரஸ்களிலும் அவ்வாறே. வெளிப்புறப் புரதத்திற்குரிய பகுதிகள் விரைந்து மாறும். தன்னைத் தானே படியெடுக்க உதவும் கருவிக்குரிய பகுதியோ மாறினால் பிழைக்காது, ஆகையால் குடும்பம் முழுவதிலும் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். அப்பகுதிக்குத் தேடுதுணுக்கு அமைத்தால், அக்குடும்பத்தில் பிறந்த எதுவாயினும், பெயரில்லாததாயினும், அகப்பட்டுவிடும்.

இம்முறையால் 2020-ஆம் ஆண்டில் புனே நிலையத்தார் வெளியிட்ட முடிவு நம் மாநிலத்தையும் தொட்டது. பல மாநிலங்களில் பிடித்த 508 பெருவௌவால்களின் தொண்டைத் துடைப்பில் 21-லும், குகைகளில் அடையும் பழவௌவால்கள் 78-இல் 4-லும் கொரோனாக் குடும்பத்து வைரஸ்கள் காணப்பட்டன. அகப்பட்ட இடங்கள் கேரளம், இமாசலப் பிரதேசம், புதுச்சேரி, தமிழ்நாடு. அவ்வாண்டின் ஏப்ரல் மாதத்தில் இச்செய்தி வந்தபோது பலர் அஞ்சி நடுங்கினர். ஆனால் அவை மனிதரிடையே அப்போது பரவிக்கொண்டிருந்த கோவிட் வைரஸ் அல்ல. குடும்பம் ஒன்று, ஆள் வேறு. வீட்டுப்பூனை புலியின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதனால் அதனைப் புலியென்று அஞ்சுவோர் இல்லை.

துணுக்கு கிடைத்தால் போதாது. முழு மரபிழையையும் எழுத்தெழுத்தாகப் படித்துப் பழைய ஏடுகளோடு ஒப்பிட வேண்டும். 2010-இல் மேற்கிந்தியாவில் பழவௌவால்களிலிருந்து புனே நிலையத்தார் உயிருடன் பிரித்தெடுத்த வைரஸ் ஒன்று முதலில் எக்குடும்பத்தது என்றே புலப்படவில்லை. மின்னணு நுண்நோக்கியும் முழு மரபிழைப் படிப்பும் சேர்ந்தே, சீனத்திலும் அமெரிக்காவிலும் உண்ணியால் பரவும் காய்ச்சல் வைரஸ்களுக்கு அது உறவென்று காட்டின. மால்சூர் வைரஸ் என்று பெயரிட்டு 2014-இல் வெளியிட்டனர்.

இரத்தத்தில் தேடுவது வேறு. அங்கே வைரஸை அன்று, அதனை எதிர்த்து உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகின்றனர். எதிர்ப்பொருள் இருந்தால், அவ்வௌவால் என்றோ ஒரு நாள் அவ்வைரஸையோ அதன் நெருங்கிய உறவினரையோ சந்தித்தது என்றே பொருள். இன்று அதனிடம் வைரஸ் உண்டென்று பொருளன்று. நிப்பாவிற்கு எதிர்ப்பொருள் உள்ள வௌவால்கள் தமிழ்நாடும் புதுச்சேரியும் உட்பட இந்தியாவின் பல பகுதிகளில் காணப்பட்டுள்ளன. "தமிழகத்து வௌவாலில் நிப்பா" என்று கொட்டை எழுத்தில் வரும் தலைப்பைப் படிக்குங்கால், துடைப்பில் கண்டதா, இரத்தத்தில் கண்டதா என்று ஒரு கணம் நின்று கேட்டுக்கொள்வது நலம்.

இனி வகைப்படுத்தல். முற்காலத்தில், உண்டாக்கும் நோயைக் கொண்டும் தாக்கும் உறுப்பைக் கொண்டும் வைரஸ்களைப் பிரித்தனர். மஞ்சட்காமாலையை உண்டாக்குபவை பல, அவை ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை என்று தெரிந்தபின் அம்முறை நிற்கவில்லை. 1966-இல் மாஸ்கோ மாநாட்டில் வைரஸ்களுக்குப் பெயரிடுவதற்கென அனைத்துலகக் குழு ஒன்று அமைந்தது. 1971-இல் டேவிட் பால்டிமோர், மரபிழை எப்பொருளால் ஆனது, ஓரிழையா ஈரிழையா, எவ்வழியில் படியெடுக்கப்படுகிறது என்பவற்றைக் கொண்டு பிரிக்கலாம் என்று காட்டினார். இன்று முழு மரபிழையின் ஒப்புமையே முதற்சான்று.

நிப்பா, தட்டம்மையும் பொன்னுக்குவீங்கியும் அடங்கிய பாரமிக்சோ என்னும் குடும்பத்தைச் சேர்ந்தது. ஹெண்ட்ராவும் நிப்பாவும் தம் இனத்தார் பிறரோடு ஒட்டாமல் நின்றமையால், இரண்டின் பெயரையும் இணைத்து ஹெனிப்பா என்று தனிப் பேரினம் வகுத்தனர். இக்குடும்பத்தில் ஒரு கணக்கு உண்டு. நெசவாளர்க்கு அது மிகவும் இனிக்கும். மரபிழையைப் போர்த்தும் புரத மணி ஒவ்வொன்றும் சரியாக ஆறு எழுத்துக்களை மூடுகின்றது. கரையில் ஆறு இழைக்கு ஒரு பூ விழ வேண்டுமாயின், கரையின் மொத்த இழை ஆறால் மீதியின்றி வகுபட வேண்டுமன்றோ? அதுபோல மலேசியாவில் கண்ட நிப்பாவின் மரபிழை 18,246 எழுத்து. ஆறால் வகுத்தால் 3,041. வங்கதேசத்தில் கண்டது 18,252 எழுத்து, வகுத்தால் 3,042. ஒன்றுக்கொன்று வேறுபாடு சரியாக ஒரு பூ! கணக்குப் பிசகினால் இவ்வைரஸ் ஒழுங்காகப் பெருகாது.

பெயர்களும் நிலையாக நிற்பதில்லை. அண்மையில் செய்த திருத்தப்படி நிப்பாவின் இனப்பெயர் ஹெனிப்பாவைரஸ் நிப்பாஎன்சி என்பதாகும். பெருவௌவாலின் பெயரும் மாறிவிட்டது. டீரோபஸ் ஜைஜான்டியஸ் என்று நூல்களில் படித்ததை இப்போது டீரோபஸ் மீடியஸ் என்கின்றனர். ஊர்ப்பெயரை நோய்க்கு வைப்பதில் ஒரு வருத்தமும் உண்டு. சேலைக்கு ஊர்ப்பெயர் அமைந்தால் அவ்வூர்க்குப் பெருமை. நோய்க்கு அமைந்தால் அவ்வூரார் தலைமுறை தலைமுறையாக அப்பழியைச் சுமக்க வேண்டும். 2015-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய நோய்களுக்கு ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ வைக்கலாகாது என்று அறிவுறுத்தியது சரியென்றே நாம் கருதுகிறோம்.

கோழிக்கோட்டில் 2018-இல் நிகழ்ந்தது இப்பாடம் முழுவதையும் ஒரு மாதத்தில் நடத்திக் காட்டியது எனலாம். ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து நோய் கண்டது. மணிப்பாலிலும் புனேயிலும் உள்ள ஆய்வகங்கள் சில நாட்களிலேயே நிப்பா என்று உறுதி செய்தன. 2001-இல் சிலிகுரியில் 66 பேர் நோயுற்று 45 பேர் மாண்டபோது காரணம் நிப்பா என்று தெரிந்துகொள்ளச் சில ஆண்டுகள் சென்றன என்பதை ஒப்பிட்டால், இவ்விரைவின் அருமை விளங்கும். ஆயினும் மரணம் விரைவிற்கும் முந்திக்கொண்டது. நோயாளிக்குப் பணிவிடை செய்த பேராம்பிரா அரசு மருத்துவமனைச் செவிலி லினி புதுச்சேரி மே 21-ஆம் நாள் உயிர் நீத்தார். அவ்வாண்டில் மாண்டோர் 17 பேர்.

அக்குடும்பத்தினரின் கிணற்றில் வௌவால்கள் இருந்தன. அவற்றைப் பிடித்துச் சோதித்ததில் நிப்பா இல்லை என்று முடிவு வந்தது. உடனே, "வௌவால் காரணமன்று" என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. கிணற்றில் இருந்தவையோ பூச்சி தின்னும் வௌவால்கள்! சோதனையில் பிழையில்லை, எடுத்த விலங்கில்தான் பிழை. பின்னர் அச்சுற்றுவட்டத்துப் பெருவௌவால்களைப் பிடித்துப் பார்த்தபோது, 52-இல் 10-இடம் நிப்பா இருந்தது. அவற்றிலிருந்து படித்த மரபிழைத் துண்டுகள் நோயாளிகளிடம் கண்டதோடு நூற்றுக்கு 99.7 முதல் 100 வரை பொருந்தின. வௌவாலின் இனம் பிரிக்கத் தெரியாமல் வைரஸின் இனம் பிரிக்க இயலாது என்பதற்கு இனியொரு சான்று தேட வேண்டியதில்லை. அதன்பின் 2019, 2021, 2023, 2024, 2025 ஆகிய ஆண்டுகளிலும் கேரளத்தில் இந்நோய் தலைகாட்டியது. கண்டறியும் முறை கைவந்தமையால் ஒவ்வொரு முறையும் ஒரு சிலரோடு நிறுத்த முடிந்தது.

முதல் வினாவிற்கு வருவோம். ஆலமரத்து வௌவால்களை விரட்டலாமா? உகாண்டா நாட்டுச் சுரங்கம் ஒன்றில், மார்பர்க் என்னும் கொடிய வைரஸின் இருப்பிடம் குகை வௌவால்கள் என்று தெரிந்தவுடன், 2008-ஆம் ஆண்டையொட்டி அவற்றை ஒன்றுவிடாமல் அழித்தனர். சில ஆண்டுகளில் வேறு வௌவால்கள் அங்கே வந்து குடியேறின. 2012-இல் சோதித்தபோது, முன்பு நூற்றுக்கு 5 அளவில் இருந்த தொற்று 13-க்கு ஏறியிருந்தது. அவ்வாண்டே அருகிலுள்ள ஊரில் நோயும் வெடித்தது. முதியவை நோயைச் சந்தித்து எதிர்ப்பு பெற்றவை. அவை போனபின் நிறைந்த இளையவற்றிற்கு எதிர்ப்பு இல்லை. ஆஸ்திரேலியாவில் 2022-இல் வெளியான நெடுங்கால ஆராய்ச்சியொன்று, காட்டு மரங்கள் அழிந்து குளிர்காலத்தில் இரை குன்றும்போதே வௌவால்கள் குதிரைப் பண்ணைகளை அண்டி ஹெண்ட்ராவைச் சிந்துகின்றன, காடு பூத்த காலத்தில் அவ்வாறில்லை என்று காட்டிற்று. மரத்தை வெட்டினால் வௌவால் மறைந்துவிடாது. பசியோடும் அச்சத்தோடும் நம் தோப்பிற்கே வரும்.

அதன் உதவியையும் மறத்தலாகாது. இலுப்பையும் இலவமும் இரவில் பூத்து வௌவாலையே எதிர்நோக்குபவை. ஆல், அரசு, நாவல் முதலியவற்றின் விதைகளை மலையெங்கும் தூவுவது அதுவே. பூச்சி தின்னும் வகையோ பருத்திக்கும் நெல்லுக்கும் பகையான அந்துப்பூச்சிகளைக் கூலியின்றி ஒழிக்கின்றது. நம் நாட்டு வனவிலங்குச் சட்டத்தில் பழவௌவால் எலியோடும் காக்கையோடும் தீங்குயிர்ப் பட்டியலில் வெகுகாலம் இருந்தது; 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அப்பட்டியலே நீக்கப்பட்டது. தமிழ்நாட்டின் சில சிற்றூர்களில் வௌவாலுக்கு அஞ்சாமல், வௌவால் அஞ்சக்கூடாதென்று, தீபாவளிக்கும் வெடி வெடிக்காதிருக்கின்றனர்.

இரண்டாம் வினாவிற்கு விடை நம் கையில் உள்ளது. கடிபட்ட பழம், கீறல் விழுந்த பழம், மரத்தடியில் கிடக்கும் பழம் ஆகியவற்றைச் சந்தைக் கூடையில் சேர்த்தல் கூடாது. வெட்டி எறிந்துவிட்டு மீதியை உண்பதும் கூடாது. அவற்றை மாட்டிற்கும் ஆட்டிற்கும் பன்றிக்கும் போடாமல் குழியிலிட்டு மூட வேண்டும். காயை நன்கு முற்றிய பருவத்தில் மரத்திலேயே பறித்துப் பழுக்க வைப்போர்க்கு இக்கவலை பெரிதும் குறையும். நல்ல பழத்தையும் கழுவித் தோல் நீக்கியே உண்ண வேண்டும். நிப்பாவின் கொழுப்புப் போர்வையைக் குறிப்பிட்டோம். சோப்பு அப்போர்வையைக் கரைத்துவிடும், அதனால் வைரஸ் செயலிழக்கும். பழம் பொறுக்கியோர் சோப்பிட்டுக் கை கழுவச் சொல்வது இதனாலேயே.

வங்கதேசத்தில் ஈச்சமரத்தின் தண்டைச் செதுக்கி வடியும் சாற்றைப் பச்சையாகக் குடித்தோரே மீண்டும் மீண்டும் நோயுற்றனர். இரவில் வௌவால்கள் செதுக்கிய இடத்தை நக்குவதும் கலயத்தில் சிறுநீர் பெய்வதும் மறைகாமிராவில் பதிவாயின. மூங்கிற் பாயால் அவ்விடத்தை மூடிக் கட்டியபின் வௌவால்கள் அணுக முடியவில்லை. நம் பனையில் பாளை நேரே கலயத்துள் வடிவதால் திறந்த பரப்பு குறைவு. ஆயினும் கலயத்தின் வாயையும் பாளையையும் சேர்த்து ஓலையாலோ வலைத்துணியாலோ மூடிக் கட்டுதல் நன்று. கருப்பட்டி காய்ச்சும் கொதியில் வைரஸ் எதுவும் பிழைக்காது. ஆகவே கருப்பட்டியைப் பற்றி ஐயமே வேண்டா.

இறந்த வௌவாலையும் தரையில் வீழ்ந்து தவிக்கும் வௌவாலையும் வெறுங்கையால் தொடலாகாது. சிறுவரைத் தொட விடலாகாது. கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திறந்த கிணற்றிற்கு வலை போடுக. மாட்டுத் தொழுவமும் தீவனத் தொட்டியும் வௌவால் அடையும் மரத்தின் நேர்கீழே இருப்பின், தொழுவத்தை மாற்றுவது மரத்தை வெட்டுவதினும் செலவு குறைந்தது. காய்ச்சலோடு தலைவலியும் இருமலும் மனத்தடுமாற்றமும் கண்டவர், அதற்கு முன் இரு வாரங்களில் கேரளத்து நோய்ப்பகுதிக்குச் சென்றிருந்தாலோ நோயாளியோடு பழகியிருந்தாலோ அதனை மருத்துவரிடம் தாமே முதலில் கூற வேண்டும். மருத்துவர் எதைத் தேடுவது என்பதற்கு அதுவே முதற்குறிப்பு.